சுடச்சுடத் தாளித்த கோசுமல்லி

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் வழியெங்கும் காப்பித் தோட்டங்கள். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். அந்த மிளகுக்கு அருமையான இடம் ஒன்று உண்டு, நேயர்களே: ராமநவமிக்கு நம் வீடுகளில் செய்யும் கோசுமல்லி.

கால் கப் பாசிப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, நீரை ஒட்ட வடித்துவிடுங்கள். பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், துருவிய தேங்காய், கொத்தமல்லி சேருங்கள். பச்சை மிளகாய்க்குப் பதில் ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு.

இனிதான் உயிர்நாடி. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயைக் காயவைத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டு, கடுகு வெடித்து அடங்கியதும் அப்படியே காயின் மேல் கொட்டுங்கள். ‘சொய்ங்’ என்று சத்தம் வரவேண்டும். பெருங்காய மணமும் மிளகின் காரமும் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. எண்ணெயில் நன்றாகக் கரையும். சூடான எண்ணெய் அவற்றைப் பருப்பெங்கும் கொண்டு சேர்க்கிறது.

உப்பை மட்டும் முன்கூட்டிப் போடாதீர்கள். வெள்ளரி நீர் விட்டுக் கொழகொழத்துவிடும். இலையில் பரிமாறும்போது உப்பு, எலுமிச்சைச் சாறு, ஒரே ஒரு கிளறல்.