சைக்கிள் பஞ்சரும் விடியற்கால ரயிலும்

2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின், எங்கள் சாம்பியன் ரீப்ஸ் மக்களில் பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று பிழைக்கிறோம். ஸ்டேஷன் வரை எனக்குச் சைக்கிள்தான். வழியில் பஞ்சரானால் ரயில் போயிற்று; அன்றைய கூலியும் போயிற்று. அந்நேரத்தில் திறந்திருக்கும் பஞ்சர் கடை ஏது?

எல்லோரும் முள்ளையே குறை சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் பாதிக் குற்றம் காற்றுக் குறைவைச் சேரும். காற்று இறங்கிய டயர் கல்லில் மோதும்போது, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு ஓட்டை விழும். அப்படி இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம், பம்பைத் தேடுங்கள்! ஓட்டாமல் நிறுத்திவைத்தாலும் டியூபில் காற்று மெல்ல இறங்கும். வாரம் ஒருமுறையாவது அடிக்க வேண்டும். எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டிலேயே இருக்கும்.

முள் குத்தினால் ஒட்டுப் போடுவதோடு விடாதீர்கள். டயரின் உட்புறத்தைத் துணியால் தடவி, ஒடிந்த முனையைப் பிடுங்குங்கள். இல்லையேல் மறுநாளும் அதே இடத்தில் குத்தும். ஓட்டை ரிம் பக்கமாக இருந்தால் ஸ்போக் முனையைச் சந்தேகியுங்கள். ரிம் டேப்பை மாற்றினால் தீரும்.

பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி, டயருக்கும் புது டியூபுக்கும் இடையே பட்டையாக வைப்பவர்களும் உண்டு. மிதிக்கச் சற்றுக் கனக்கும். சிறு முள் எளிதில் எட்டாது. டயரை இரவே அழுத்திப் பார்த்துவிடுங்கள், ஒட்டுப் போட அப்போதுதான் நேரமிருக்கும்.