உங்களுக்குத் தெரியுமா? குறுக்குவழியை விடும் விமானம்

சிங்கப்பூருக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே நேர்தூரம் ஏறத்தாழ 15,350 கி.மீ. பயண நேரம் 18 மணி நேரத்துக்கும் மேல். உலகின் மிக நீண்ட இடைநில்லா விமானச் சேவை இது. 2020 நவம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதைத் தொடங்கியது.

இரண்டு ஊர்களும் தீர்க்கரேகையில் கிட்டத்தட்ட 178 பாகை விலகியிருக்கின்றன. ஒரு நூலை உலக உருண்டைமேல் இழுத்துப் பிடித்துப் பாருங்கள்: மிகக் குறுகிய பாதை வடதுருவத்தை ஒட்டிப் போகும்! ஆனால் நியூயார்க் செல்லும் விமானம் பெரும்பாலும் பசிபிக் கடல் வழியாகத்தான் பறக்கிறது. சுமார் பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் பின்னாலிருந்து தள்ளுவதே காரணம். குளிர்காலத்தில் அதன் வேகம் சில சமயம் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும். தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். விமானிகள் கணக்கில் தூரத்தைவிடக் காற்றே பெரிது.

இத்தகைய நீண்ட பயணங்களுக்கெனவே உருவான ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அந்த எடைக்காக இருக்கைகள் 161 மட்டுமே. சாதாரண எகானமி வகுப்பு கிடையாது. நம்மைப் போன்றவர்களுக்கு அது வருத்தம்தான்!

இரு ஊர்களுக்கும் நேர வித்தியாசம் 12 மணி நேரம், குளிர்காலத்தில் 13. சிங்கப்பூரில் மதியம் கிளம்புபவர் அதே தேதி மாலையில் நியூயார்க்கில் இறங்குவார்.