முனை பொருந்தினால் போதுமா?

சென்ற தீபாவளிக்கு முன் வீட்டை ஒழித்தபோது, அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பை நிறைய கறுப்பு அடாப்டர்கள் வந்தன. எது எதற்கு உரியது என்று எனக்கும் தெரியாது, என் கணவருக்கும் தெரியாது. "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்று மறுபடி உள்ளே வைத்தேன். எதற்கு ஆனது என்று கேளுங்கள்.

என் மாமியாருக்கு ரத்த அழுத்தம் உண்டு. தினமும் வீட்டிலேயே மெஷினில் பார்த்து நோட்டில் குறித்து வைப்போம். ஒருநாள் விடியற்காலை, "தலை சுத்துதும்மா, கொஞ்சம் பிரஷர் பாரேன்" என்றார். மெஷினில் பென்சில் பேட்டரி தீர்ந்திருந்தது. கடை திறக்கும் நேரமில்லை. பையிலிருந்து ஒரு அடாப்டரை எடுத்துச் சொருகினேன். கச்சிதமாகப் பொருந்தியது. அந்த சந்தோஷத்தில் சுவிட்சைப் போட்டேன். ஒருமுறை மின்னி அணைந்தது, கூடவே கருகின வாடை. அத்தையின் கையில் இன்னும் பட்டியைச் சுற்றவில்லை. ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனால், பிரஷர் 180-ஐத் தாண்டியிருந்தது! மாத்திரை கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து அனுப்பினார்கள்.

பழுது பார்க்கும் தம்பியிடம் மெஷினையும் அடாப்டரையும் காட்டினேன். "அக்கா, மெஷின் அடியில 6 வோல்ட்னு போட்டிருக்கு. நீங்க போட்டது டி.வி. பாக்ஸோடது, 12 வோல்ட்" என்றார். மசாலா பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்குகிற நான், இதைப் படித்ததே இல்லை.

அவர் சொல்லித் தந்தது இது. அடாப்டரில் 'இன்புட்' என்று இருப்பது சுவரிலிருந்து வருவது. நாம் பார்க்க வேண்டியது 'அவுட்புட்' வரி. அதில் வோல்ட், சாதனம் கேட்கும் அளவேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அப்படியல்ல, கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறையத்தான் கூடாது. "வோல்ட்டு அடாப்டர் தள்ளுறது, ஆம்பியர் மெஷின் எடுத்துக்கிறது" என்றார். ஆம்பியர் குறைந்தால் அடாப்டர் கொதிக்கும், சாதனம் அடிக்கடி அணைந்து எரியும்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு வட்டங்களுக்கு நடுவே ஒரு புள்ளி வைத்துச் சின்னப் படம் இருக்கும். புள்ளியோடு பிளஸ் சேர்ந்திருந்தால் முனையின் நடுப்பகுதி பிளஸ். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் சில மியூசிக் கீபோர்டுகளுக்கு நடுவில் மைனஸ் வரும். மாற்றிப் போட்டால் அதுவும் போச்சு.

செல்போனின் டைப்-சி சார்ஜருக்கு இந்த பயம் குறைவு. அது முதலில் 5 வோல்ட்தான் தரும், போன் கேட்டால்தான் கூட்டும். ஆனால் விலை மலிவான டிரிம்மர், கைவிளக்கு சிலவற்றில் இரு பக்கமும் டைப்-சி உள்ள வயரைப் போட்டால் சார்ஜே ஏறாது. ஒரு பக்கம் பழைய பட்டை யூ.எஸ்.பி. முனை உள்ள வயர் போட்டால் ஏறும். கெட்டுவிட்டது என்று நான் ஒன்றைத் தூக்கிப் போட்டதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இப்போது ஒவ்வொரு அடாப்டரிலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, எந்தச் சாதனம், எத்தனை வோல்ட் என்று பேனாவால் எழுதிவிட்டேன். ஆள் தெரியாதவை நாலைந்து, பழைய சாமான்காரரிடம் போய்விட்டன. புது மெஷினும் வாங்கியாயிற்று. அத்தை மட்டும் கை நீட்டுமுன், "எத்தனை வோல்ட்டுன்னு பாத்தியா?" என்று கேட்கிறார். கேட்கட்டும்.

– ஒரு வாசகி, திருச்சி.