சேலைப் போர்வையும் மாசிப் பூக்களும்

பழைய பருத்திச் சேலைகளை அடுக்கி, கையால் நூலோட்டி, விரிப்பாகவும் போர்வையாகவும் ஆக்கிக்கொள்வது தமிழ்நாட்டு வீடுகளில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். இதற்குப் பட்டறையோ விற்பனைக் கடையோ இருந்ததில்லை. அதனாலேயே கைத்தொழில் பட்டியல்களில் இது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. தாம்பரத்தை அடுத்த சேலையூரிலும் (ஊர்ப்பெயரில் சேலை இருப்பதோடு இதை முடிச்சுப் போட வேண்டியதில்லை) சுற்றியுள்ள இராசகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் பகுதிகளிலும் மாசி மாதம் இந்த வேலைக்கு நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், துவைத்த துணி ஒரே வெயிலில் காயும், வியர்வை ஊசியை வழுக்கச் செய்யாது. காலிமனைகளில் காட்டுப் பூக்கள் தெரிவதும் இதே மாதத்தில்தான். காலையில் பூப் பார்ப்பதும் நண்பகலில் நிழலில் உட்கார்ந்து தைப்பதும் ஒரே நாளில் பொருந்திவிடுகின்றன.

இங்கே வசந்தம் எது?

குளிர்நாடுகளில் பனி உருகி, மண் இளகி, முதல் பூ தலைகாட்டுவதை வசந்தத்தின் தொடக்கம் என்கிறார்கள். சென்னைக் கரையோரத்தில் உருகுவதற்குப் பனி இல்லை. தமிழ் மரபின் ஆறு பருவங்களில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம்; சித்திரையும் வைகாசியும் இளவேனில். இங்கே செடிகளின் நாட்காட்டியை நடத்துவது குளிரைவிட மழைதான். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவக்காற்றினால் ஐப்பசி முதல் மார்கழிக்குள் பெய்துவிடுகிறது. அந்த ஈரத்தில் முளைத்த சிறு செடிகளுக்கு அடுத்த கோடைக்குள் பூத்து, காய்த்து, விதை உதிர்த்தாக வேண்டிய அவசரம் உண்டு. எனவே மாசியில் தரையில் தெரியும் பூக்கள் பல அந்த மழையின் கடைசி வரவு. மரங்களோ வேறு கணக்கில் நடக்கின்றன. கல்யாண முருங்கை, செவ்விலவு, புரசு ஆகியவை இலையை உதிர்த்துவிட்டு வெறுங்கிளையில் சிவப்பாகப் பூக்கும். இலை மறைக்காததால் தேன் குடிக்க வரும் பறவைகளுக்குப் பூ தொலைவிலிருந்தே தெரியும்.

காலை: காலிமனையில்

வெயில் ஏறுவதற்கு முன் போவது நல்லது. விஷ்ணுகிரந்தியின் நீலப்பூ சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. காலையில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும். பதினொரு மணிக்குப் போனவர் அந்த இடத்தில் அப்படி ஒரு செடியே இல்லை என்று சொல்லக்கூடும்.

ஓரிதழ்த்தாமரையின் பெயர் பார்த்தவுடன் தெரிவதைச் சொல்கிறது. ஒரே ஒரு இளஞ்சிவப்பு இதழ் அகன்று தொங்கும். குனிந்து பார்த்தால் மேலே மிகச் சிறிய இதழ்கள் நான்கு ஒட்டியிருப்பது தெரியும். ஆகவே இதழ் உண்மையில் ஐந்து. கொழிஞ்சியின் ஊதாப்பூ அவரைப்பூவின் சாயல் கொண்டது. அவரைக் குடும்பத்துச் செடிதான். வேர் முடிச்சுகளில் காற்றின் நைட்ரசனைப் பிடித்து மண்ணுக்குத் தருவதால் உழவர்கள் இதைத் தழையுரமாக மிதித்தார்கள். நெருஞ்சியின் மஞ்சள் பூ வெயிலை நோக்கித் திரும்புவதைச் சங்கப் புலவர்கள் உவமையாக்கியிருக்கிறார்கள். அதன் முள்ளைப் பற்றிச் செருப்பில்லாமல் நடந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தும்பை சுவரோரமெங்கும் இருக்கும்.

எல்லாமே இம்மண்ணுக்குரியவை அல்ல. வெட்டுக்காயப்பூண்டு என்றும் கிணற்றடிப்பூண்டு என்றும் வழங்கும் செடியும் உன்னிச்செடியும் அமெரிக்க வெப்பமண்டலப் பகுதியிலிருந்து வந்தவை. உன்னியின் பூங்கொத்தில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் இளஞ்சிவப்பும் இருப்பதைக் காணலாம்; பூ முதிரும்போது நிறம் மாறுகிறது. அழகு இருந்தாலும் இது காட்டுக்குள் புகுந்து பிற செடிகளை நெருக்கிவிடும் களை.

காலிமனைக்கு அப்பால் இந்த வட்டாரத்தின் பழைய தாவரங்களைக் காண இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று நன்மங்கலம் காப்புக்காடு. மற்றொன்று 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னை கிறித்துவக் கல்லூரியின் வளாகம். அதன் மாணவர் விடுதிகளுள் ஒன்று சேலையூர் பெயரையே தாங்குகிறது. அங்கே வேதியியல் கற்பித்த எட்வர்ட் பார்ன்சு தாவரங்களிலும் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். தென்னிந்தியச் செடிகள் சிலவற்றின் அறிவியல் பெயரில் 'பார்னெசி' என்ற ஒட்டு அவர் நினைவாக அமைந்தது. கத்தரிப்பூ நீலத்தில் கிளையோடு ஒட்டிப் பூக்கும் காயா மரம் இத்தகைய உலர் பசுமைமாறாக் காட்டுக்குரியது. இரண்டு இடங்களுக்கும் அனுமதி பெற்றே செல்ல வேண்டும்.

நண்பகல்: தையல்

ஒரு சேலை ஏறத்தாழ 5.5 மீட்டர் நீளம், 1.15 மீட்டர் அகலம். மூன்றாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒருவர் படுக்கும் நீளத்துக்குச் சரியாக வரும். இரண்டு சேலைகளில் ஆறு அடுக்கு கிடைக்கும். நல்ல துண்டு மேலும் கீழும், நைந்தவை நடுவில். பலமுறை துவைத்துக் கஞ்சி போன பருத்தியே இதற்கு ஏற்றது. புதுத் துணியில் ஊசி இறங்காது, முதல் துவைப்பில் சுருங்கி மேடுபள்ளமாகவும் ஆகிவிடும்.

அடுக்கைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் கனமான பொருளை வைத்து, சுருக்கம் நீவியபின் பெரிய பெரிய தையலாகப் போட்டு முதலில் பிடித்துக்கொள்வார்கள். பிறகு நூலோட்டம். நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தைக்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் துணியின் தளர்ச்சி முழுவதும் நடுவில் வந்து பொம்மிக்கொள்ளும். அதைப் பிரிக்காமல் சரிசெய்ய வழியில்லை. இரண்டு விரல் இடைவெளி, அதாவது ஏறத்தாழ 3 செ.மீ. விட்டு நீளவாக்கில் ஓட்டினால் 38 வரிசை வரும். மொத்தத் தையல் 68 மீட்டருக்கு மேல். நண்பகல் நேரத்தில் மட்டும் உட்கார்ந்து, நாளுக்கு ஆறு வரிசை என்று வைத்தாலும் ஒரு வாரம் ஆகும்.

இத்தனை வெப்பமான ஊரில் இது எதற்கு என்று கேட்கலாம். பெரும்பாலும் விரிக்கத்தான். சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி முதுகில் ஏறாமல் தடுப்பது அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்று. பிறந்த குழந்தையைப் பாட்டியின் பழஞ்சேலையில் கிடத்துவதற்குப் பாசம் ஒரு காரணம். அந்தத் துணியின் மென்மையும் ஈரம் உறிஞ்சும் தன்மையும் மற்றொரு காரணம்.

பூவிலிருந்து வரும் பஞ்சு

தையலும் காட்டுச் செடியும் சந்திக்கும் இடங்களில் ஒன்று பஞ்சு. எருக்கங்காய் வெடிக்கும்போது பறக்கும் பட்டு போன்ற இழை முன்பு தலையணைக்குள் போனது. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளையின் வெண்பூவைத் தொட்டுப் பார்த்தால் கம்பளி போலிருக்கும். அதன் இனமான பெரும்பூளையின் பூங்கதிர்கள் அரபு நாடுகளில் தலையணை அடைக்கப் பயன்பட்டன. இலவம்பஞ்சின் இழை உட்குழல் உடையது. எடை குறைவு, நீரில் எளிதில் நனையாது. அதனால் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உயிர்காப்பு அங்கிகளில் அடைத்தார்கள். இலவு காத்த கிளி ஏமாந்தது உண்மைதான்; போடிநாயக்கனூர் வணிகருக்கு அதே காய்தான் பிழைப்பு. ஆனால் இப்பஞ்சு வழுக்கும் தன்மையுடையது. நெருக்கமாக நெய்த உறைக்குள்தான் நிற்கும். நைந்த சேலைக்குள் வைத்துத் தைத்தால் ஊசித் துளை வழியே கசியும்.

சாயவேரின் கதை

இந்தக் கரையோர மணலில் சாயவேர், அதாவது இம்பூறல், என்ற சிறு செடி தரையோடு படரும். பூ வெள்ளை, நான்கு இதழ், கடுகைவிடச் சற்றுப் பெரியது. சோழமண்டலக் கரையின் புகழ்பெற்ற சிவப்பு இதன் வேரிலிருந்து வந்தது. படிகாரம் தடவிய துணியில் மட்டும் இச்சாயம் ஊன்றிக்கொள்ளும். எனவே எங்கே சிவப்பு வேண்டுமோ அங்கே மட்டும் படிகாரத்தால் எழுதி, துணி முழுவதையும் சாயத்தில் கொதிக்க வைத்தார்கள். துவைத்தாலும் போகாத நிறம் ஐரோப்பாவை வியக்க வைத்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இப்படி எழுதிய பருத்தித் துணி அங்கே படுக்கை விரிப்பாகவும் தைத்த போர்வையாகவும் பரவியது.

உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தெழுந்தனர். பிரான்சு 1686இல் தடை விதித்தது. இங்கிலாந்து 1700இல் ஒன்றும் 1721இல் அதைவிடக் கடுமையான ஒன்றுமாகச் சட்டம் இயற்றியது. விலையுயர்ந்த துணியின் ஒரு துணுக்கைக்கூட அங்குள்ள பெண்கள் வீணாக்கவில்லை. இங்கிலாந்தின் லெவன்சு மாளிகையில் உள்ள, ஏறத்தாழ 1708இல் தைத்ததாகக் கருதப்படும் போர்வை, அந்நாட்டின் மிகப் பழைய ஒட்டுத்துணி வேலைப்பாடுகளுள் ஒன்று. அது இந்தியச் சாயத் துணித் துண்டுகளால் ஆனது. 1868இல் செருமானிய வேதியியலாளர் கிரேபும் லீபர்மனும் அலிசரின் என்ற சிவப்புச் சாயப்பொருளை ஆய்வகத்தில் உருவாக்கியபின் சாயவேர் தோண்டும் தொழில் படிப்படியாக மங்கியது. செடி மட்டும் மணலில் இன்னமும் பூக்கிறது; மிதித்து நடப்பவருக்கு அதன் பெயர் தெரியாது.

பிற மாநிலங்களில்

வங்காளத்தின் காந்தா, பீகாரின் சுசனி, மராட்டியத்தின் கோதடி எல்லாம் பழந்துணி அடுக்கும் இதே வேலையின் உறவுகள். காந்தா என்ற பெயரும் நம் கந்தை என்ற சொல்லும் ஒரே வேரைச் சேர்ந்தவை. இவற்றுள் தனித்து நிற்பது கர்நாடகத்தின் உத்தரகன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான சித்தி மக்களின் கவந்தி. அவர்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைக்கிறார்கள். துண்டுகளைப் போகப் போகச் சேர்ப்பதால் துணி பொம்முவதில்லை. நான்கு மூலையிலும் மடித்த சிறு துணியை வைத்துத் தைத்தால்தான் வேலை முடிந்ததாகக் கொள்வார்கள். அந்த மூலைத் துணிக்கு அவர்கள் இட்ட பெயர் 'பூல்', அதாவது பூ.

இன்றைய நிலை

சேலையூர் இன்று 2021இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சியின் பகுதி. காலிமனைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. எஞ்சியவற்றை உரிமையாளர்கள் பொக்லைன் வைத்துச் சுரண்டுவதும் பெரும்பாலும் மழை நின்ற தை, மாசியில்தான். பாம்புக்கும் கொசுவுக்கும் அஞ்சிச் செய்வது. குறை சொல்ல முடியாது. ஆனால் விதை உதிருமுன் சுரண்டிய மனையில் அடுத்த ஆண்டு விஷ்ணுகிரந்தி வராது, உன்னி வரும். பங்குனிக் கடைசி வரை பொறுத்தால் விதை மண்ணில் விழுந்திருக்கும்.

சேலையும் அப்படித்தான். அன்றாடம் உடுத்தும் சேலைகள் பாலியெஸ்டருக்கு மாறியபின் பழஞ்சேலை என்பதன் பொருளே மாறிவிட்டது. பாலியெஸ்டர் நைவதில்லை, வியர்வையை உறிஞ்சுவதில்லை, அடுக்கினால் ஒன்றின்மேல் ஒன்று நழுவுகிறது. தைக்க விரும்புவோர் வீட்டில் எஞ்சியுள்ள சுங்குடி, காஞ்சிப் பருத்திச் சேலைகளைப் பாத்திரக்காரரிடம் போடாமல் எடுத்து வைக்கலாம். நூல் கடையில் வாங்க வேண்டியதில்லை; சேலையின் கரையிலிருந்தே உருவிக்கொள்ளலாம். அது துணியோடு சேர்ந்தே மங்கும், சேர்ந்தே சுருங்கும்.