சென்னையிலிருந்து ஏலமலைக்குக் குடிபெயர்தல்: மாநில எல்லையைத் தாண்டும் முன் அறிய வேண்டியவை

சக்குபள்ளம் (இடுக்கி): பெருநகர வாழ்வின் வாடகை, நெரிசல், வெப்பம் ஆகியவற்றிலிருந்து விலகி, சிறிய ஊர் ஒன்றில் குடியேற வேண்டும் என்ற எண்ணம் கொரோனா காலத்திற்குப் பின்னர் பல குடும்பங்களிடம் வலுப்பெற்றுள்ளது. வீட்டிலிருந்தே பணிபுரியும் வாய்ப்பு பெற்ற சென்னைவாசிகள் பலர் கம்பம் பள்ளத்தாக்கையும், அதற்கு மேலே உள்ள ஏலமலைப் பகுதியையும் பரிசீலிக்கின்றனர். ஆனால், இந்த இரண்டுக்கும் இடையே செல்வது மலைச்சரிவு மட்டுமல்ல. தமிழ்நாடு - கேரள மாநில எல்லையும் ஆகும். ஒரு குடும்பம் எல்லையின் எந்தப் பக்கத்தில் குடியேறுகிறது என்பது, பிள்ளைகளின் உயர்கல்வி, இடஒதுக்கீடு, அரசு உதவிகள், நில உரிமை ஆகிய அனைத்தையும் பாதிக்கிறது.

சக்குபள்ளம் எங்கே உள்ளது?

கேரளத்தின் இடுக்கி மாவட்டம், உடும்பஞ்சோலை வட்டத்தில், குமுளிக்கு அருகே அமைந்துள்ள மலைக்கிராமம் சக்குபள்ளம். ஏலக்காய், மிளகு, காப்பி ஆகியவை இப்பகுதியின் முதன்மைப் பயிர்கள். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் அருகிலுள்ள புற்றடியிலும், எல்லைக்கு இப்பால் தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலும் நடைபெறுகிறது. கம்பம், கூடலூர் பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் அன்றாடம் ஜீப்புகளில் இத்தோட்டங்களுக்கு வந்து செல்கின்றனர். தலைமுறைகளாக இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைக்கப்பட்டபோது, தமிழர்கள் கணிசமாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்துடன் இணைந்தன. இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26 அன்று உருவாக்கப்பட்டது. எனவே, கடைத்தெருவில் தமிழ் பேசி வாழ முடிந்தாலும், அலுவலக மொழியும் நிர்வாகமும் கேரளத்தைச் சார்ந்தவை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அன்றைய சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,000-க்கும் மேற்பட்டோர் வசித்தனர். இடுக்கியில் இந்த எண்ணிக்கை சுமார் 255 மட்டுமே. அதே கணக்கெடுப்பில், கேரளத்தில் மக்கள்தொகை குறைந்த இரண்டு மாவட்டங்களுள் இடுக்கியும் ஒன்று, மற்றொன்று பத்தனம்திட்டா. அமைதியைத் தேடி ஒரு குடும்பம் வந்து சேரும் இதே மலையிலிருந்து வேறு பலர் வெளியேறியுள்ளனர் என்பதை முடிவெடுக்கும் முன் நினைவில் கொள்வது நல்லது.

பள்ளி மாற்றம்: சட்டம் தரும் பாதுகாப்பு

குடிபெயரும் பெற்றோரின் முதல் கவலை பள்ளி. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 5-ஆவது பிரிவு, தொடக்கக் கல்வி பயிலும் குழந்தை மாநிலத்திற்குள்ளோ, மாநிலத்திற்கு வெளியிலோ உள்ள அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறும் உரிமையை வழங்குகிறது. பழைய பள்ளியின் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனடியாக வழங்க வேண்டும். சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டி, புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ இயலாது. இந்தப் பாதுகாப்பு 8-ஆம் வகுப்பு வரையே பொருந்தும்.

மொழியைப் பொறுத்தவரை, கேரளப் பள்ளிகளில் 10-ஆம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டது. இடுக்கி மாவட்டத்தில் தமிழ்வழி வகுப்புகள் கொண்ட பள்ளிகள் உள்ளன என்றாலும், அவை எல்லா ஊர்களிலும் இல்லை. விரும்பும் பள்ளியில் எந்த வகுப்பு வரை தமிழ்வழி உள்ளது, மேல்நிலையில் என்ன செய்வது என்பதை நேரில் கேட்டறிவது அவசியம்.

9 முதல் 12-ஆம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளை இடையில் மாற்றுவது கடினம். சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் 9, 10 வகுப்புகளும், 11, 12 வகுப்புகளும் ஈராண்டுப் படிப்புகளாகக் கருதப்படுவதால், இறுதியாண்டில் பள்ளி மாற வாரியத்தின் அனுமதி தேவை. கேரள மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் தேர்வின் மதிப்பெண் மேல்நிலை இறுதி மதிப்பெண்ணுடன் சேர்க்கப்படுகிறது. எனவே, 11-ஆம் வகுப்பைத் தமிழ்நாட்டிலும் 12-ஆம் வகுப்பைக் கேரளத்திலும் படிக்கத் திட்டமிடுவது சிக்கலை வரவழைக்கும்.

6-ஆம் வகுப்பு ஏன் முக்கியம்?

தமிழ்நாட்டில் மருத்துவக் கல்வி சேர்க்கையின்போது, 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை மாநிலத்திலேயே படித்தவர்களிடம் தனியாக இருப்பிடச் சான்று கோரப்படுவதில்லை. இடையில் ஓராண்டேனும் வெளிமாநிலத்தில் படித்திருந்தால், தாம் தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர் என்பதற்கான சான்றிதழையும், பெற்றோர் தொடர்பான ஆவணங்களையும் அளிக்க வேண்டும். பொறியியல் சேர்க்கையில் இந்தக் கணக்கு 8-ஆம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. வாய்ப்பு பறிபோவதில்லை, ஆனால் மெய்ப்பிக்கும் பொறுப்பு குடும்பத்தின் மீது விழுகிறது.

அரசுப் பள்ளியில் பயிலும் பிள்ளைகளுக்கு இழப்பு இன்னும் பெரிது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் நடைமுறைக்கு வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட தொழிற்கல்விக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்திருப்பதே இதன் அடிப்படை நிபந்தனை. உயர்கல்வி பயிலும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டமும் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான தமிழ்நாட்டுப் பள்ளிப்படிப்பையே அளவுகோலாகக் கொண்டுள்ளன. தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கான 20 சதவீத முன்னுரிமையைப் பெறவும், 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பள்ளிப்படிப்பு முழுவதையும் தமிழ்வழியில் முடித்திருக்க வேண்டும்.

கேரளத்தில் இதற்கு ஈடாக ஏதேனும் கிடைக்குமா? அம்மாநிலத் தொழிற்கல்வி சேர்க்கையில், கேரளத்தைப் பூர்வீகமாகக் கொள்ளாதோர் தனிப் பிரிவாக வகைப்படுத்தப்படுகின்றனர். அங்கு வசித்த காலம், படித்த இடம் ஆகியவற்றின் அடிப்படையில் சிலர் பொதுத் தகுதி இடங்களுக்குப் போட்டியிடலாம். வகுப்புவாரி இடஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் அவர்களுக்கு இல்லை.

சாதிச் சான்றிதழ் எல்லை தாண்டுமா?

குடிபெயரும் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்கள் மிகவும் கவனிக்க வேண்டியது இதுவே. அரசமைப்புச் சட்டத்தின் 341, 342-ஆவது பிரிவுகளின்படி, ஒரு சாதியோ பழங்குடியோ குறிப்பிட்ட மாநிலத்தைப் பொறுத்தே பட்டியலில் சேர்க்கப்படுகிறது. ஒரே பெயருடைய சாதி இரு மாநிலப் பட்டியல்களிலும் இருந்தாலும், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்தவர் புதிய மாநிலத்தின் இடஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2018 ஆகஸ்ட் 30 அன்று, டெல்லி குடிநீர் வாரியம் தொடர்பான பீர் சிங் வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வும் இதை உறுதி செய்தது.

சாதி நிலையை முடிவு செய்ய, குடும்பம் எங்கே நிரந்தரமாக வசித்தது என்பதைக் குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான 1950-ஆம் ஆண்டை வைத்தே அதிகாரிகள் பார்க்கின்றனர். இடுக்கியின் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும், 1950-க்கு முந்தைய ஆவணம் இல்லாததால் கேரளத்தில் சாதிச் சான்றிதழ் பெற முடியாமல் தவிப்பது நெடுநாள் பிரச்சினை. இன்று சென்னையிலிருந்து செல்லும் குடும்பத்தின் நிலையும் இதுவே. தமிழ்நாட்டில் தந்தை பெற்ற சான்றிதழின் அடிப்படையில் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் பெறலாம். அதன் பயன் பூர்வீக மாநிலத்திலும் மத்திய அரசின் கல்வி நிறுவனங்கள், பணிகளிலும் கிடைக்கும். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.

ரேஷன், வாக்கு, வாகனம்

'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் தமிழ்நாடு 2020-இல் இணைந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டைதாரர் மட்டுமே இதன்மூலம் வெளிமாநிலக் கடையில் தானியம் பெற முடியும். பருப்பு, பாமாயில், பொங்கல் பரிசு போன்ற மாநில அரசின் உதவிகள் எல்லை தாண்டி வருவதில்லை. கேரளத்தில் நிரந்தரமாகக் குடியேறி அங்கு அட்டை பெற விரும்பினால், தமிழ்நாட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்கிய சான்று தேவைப்படும். அட்டையை ஒப்படைத்தால், 2023 செப்டம்பர் 15 முதல் வழங்கப்படும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையும் கேள்விக்குள்ளாகும்.

வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்ற படிவம் 8 பயன்படுத்தப்படுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளில் பெயர் வைத்திருப்பதை 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தடை செய்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வெளிமாநிலப் பதிவெண் கொண்ட வாகனத்தை 12 மாதங்களுக்கு மேல் வேறொரு மாநிலத்தில் வைத்திருந்தால், அங்கு மறுபதிவு செய்ய வேண்டும். இதற்குப் பழைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும், புதிய மாநிலத்தின் சாலை வரியும் தேவை. கார் வைத்திருக்கும் குடும்பம் இச்செலவை முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும்.

நிலம் வாங்குவோர் கவனத்திற்கு

மலையில் சொந்த வீடு என்ற கனவோடு வருவோர் ஒரு சொல்லில் ஏமாறக்கூடும். தமிழ்நாட்டில் 'பட்டா' என்பது நிலம் யார் பெயரில் உள்ளது என்பதைக் காட்டும் வருவாய்த் துறை ஆவணம். கேரளத்தில் 'பட்டயம்' என்பது அரசு நிலத்தைச் சில நிபந்தனைகளோடு ஒருவருக்கு ஒப்படைக்கும் ஆவணம். 1964-ஆம் ஆண்டின் நில ஒப்படைப்பு விதிகளின்படி, சாகுபடிக்கும் குடியிருப்புக்கும் வழங்கப்பட்ட இடத்தில் விடுதி, கடை போன்ற வணிகக் கட்டடம் எழுப்புவது நிபந்தனை மீறலாகும். இடுக்கியில் இக்கட்டுப்பாட்டை 2019-இல் கேரள அரசு கடுமையாக்கியது. 2023-இல் இதற்கான சட்டத்திருத்த மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறி, 2024 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது.

உடும்பஞ்சோலை வட்டத்தின் பெரும்பகுதி 'ஏலமலைக் காடுகள்' என்ற வகைப்பாட்டில் வருகிறது. இந்நிலம் வனத்துறைக்கு உரியதா, வருவாய்த் துறைக்கு உரியதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் உள்ளது. 2024 அக்டோபரில் அப்பகுதியில் புதிய பட்டயம் வழங்க நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எனவே, பட்டயம் இல்லாத கைவச நிலத்தை, 'விரைவில் பட்டயம் கிடைத்துவிடும்' என்ற உறுதியை நம்பி வாங்குவது பெரும் இடர். பட்டயத்தின் நோக்கம், வில்லங்கச் சான்று, கிராம அலுவலரின் அனுபவச் சான்று, நில வரி ரசீது ஆகியவற்றை உள்ளூர் வழக்கறிஞர் மூலம் சரிபார்த்த பிறகே முன்பணம் தர வேண்டும்.

மருத்துவம், பயணம், பணி

இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதை இல்லை. சென்னை செல்ல, மலையிறங்கி போடிநாயக்கனூருக்கோ மதுரைக்கோ வர வேண்டும். மதுரை - போடி அகலப்பாதைப் பணிகள் முடிந்து, 2023 ஜூன் 15 முதல் சென்னை சென்ட்ரலில் இருந்து போடிநாயக்கனூருக்கு வாரம் மூன்று நாள் விரைவு ரயில் இயக்கப்படத் தொடங்கியது. உயர் சிகிச்சைக்குத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியை நாட வேண்டியிருக்கும். முதியவர்களும் நாட்பட்ட நோயாளிகளும் உள்ள குடும்பங்கள், இரவில் மலைப்பாதையில் செல்ல வேண்டிய நேரத்தைக் கணக்கிட்ட பிறகே வீடு தேட வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இப்பாதைகளில் மண்சரிவு புதிதல்ல.

எல்லை எப்போதும் திறந்திருக்கும் என்றும் எண்ண முடியாது. முல்லைப் பெரியாறு பிரச்சினை சூடுபிடித்த 2011 டிசம்பரிலும், கொரோனா ஊரடங்கு அறிவிக்கப்பட்ட 2020-லும், குமுளி வழியாக அன்றாடம் வந்து செல்வோர் தடைபட்டு நின்றனர்.

எந்த வரிசையில் முடிவெடுப்பது?

முதலில் கடைசிப் பிள்ளையின் வகுப்பைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு உயர்கல்வி வாய்ப்பையோ, இடஒதுக்கீட்டையோ நம்பியிருக்கும் குடும்பத்திற்கு, அப்பிள்ளை 12-ஆம் வகுப்பை முடிக்கும் வரை கம்பம், கூடலூர், தேனி போன்ற ஊர்களே பாதுகாப்பான தேர்வு. தோட்டமோ தொழிலோ சக்குபள்ளத்தில் இருந்தாலும், வீட்டையும் பள்ளியையும் எல்லைக்கு இப்பால் வைத்துக்கொண்டு வந்து செல்வோர் உண்டு. பள்ளிப் பருவத்தைக் கடந்த பிள்ளைகள் உள்ளோருக்கும், ஓய்வு பெற்றோருக்கும் இந்தத் தடைகள் பெரும்பாலும் பொருந்தாது. அவர்கள் மருத்துவ வசதியையும் நில ஆவணத்தையும் பார்த்தால் போதும்.

அடுத்து, வாங்குவதற்கு முன் வாடகைக்கு இருந்து பார்ப்பது நலம். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலம் ஒன்றை அங்கு கழித்தால் மின்தடை, இணைய வேகம், சாலை, குளிர், பள்ளி வாகனம் ஆகிய அனைத்தும் தெரிந்துவிடும். அதுவரை சென்னை முகவரியில் உள்ள ரேஷன் அட்டையையும் ஏனைய ஆவணங்களையும் அவசரப்பட்டு மாற்ற வேண்டியதில்லை. நிரந்தரமாகத் தங்குவது என்று உறுதியான பிறகு, சாதி, இருப்பிடம், முதல் பட்டதாரி உள்ளிட்ட தமிழ்நாட்டுச் சான்றிதழ்கள் அனைத்தையும் பெற்றுக்கொண்டு, அதன் பின்னரே முகவரியை மாற்றுவது பின்னாளைய அலைச்சலைத் தவிர்க்கும்.