நாளைய மழை

சப்ரகமுவ இறப்பர் தோட்டங்களில் மழையே பெருங்கவலை. விடியுமுன் மரப்பட்டை நனைந்திருப்பின் பால்வெட்டு இல்லை. வெட்டிய பின் பெய்தால் சிரட்டைப் பால் நீரோடு போய்விடும். வேலை நின்றால் வருமானமும் குறையும். ஆதலால் தகரக் கூரையில் விழும் துளியோசையைக் கேட்டுக் கண்விழித்திருக்கும் தாய்மார் பலர்.

நாளைய பாரத்தை இன்றே சுமக்க வேண்டாமென்று மத்தேயு சுவிசேஷத்தின் 6ஆம் அதிகாரத்தில் இயேசுபிரான் போதிக்கின்றார். பறவைகளை உதாரணங் காட்டுகின்றார். பறவைக்குக் களஞ்சியம் இல்லை; ஆயினும் அது கூட்டிலேயே முடங்கி இரைக்குக் காத்திருப்பதுமில்லை. கவலையை விடுதல் வேறு, கடமையை விடுதல் வேறு.

2016 மே 17ஆம் திகதி, கேகாலை மாவட்டத்துப் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயங்கள் மண்சரிவிற் புதையுண்டன. பல உயிர்கள் மடிந்தன. ஆகவே மழைக்கு அஞ்சுவது விசுவாசக் குறைவன்று. அபாய அறிவித்தல் கிடைத்ததும் பிள்ளைகளுடன் வெளியேறுவது, ஆண்டவர் தந்த அறிவுக்குக் கீழ்ப்படிதலேயாம்.

அன்பர்களே! படுக்குமுன் செய்யக்கூடியதைச் செய்து முடியுங்கள். முக்கிய பத்திரங்களைப் பையிலிட்டு வையுங்கள். அயல் லயத்து முதியோரையும் நினைவிற் கொள்ளுங்கள். எஞ்சியதை ஜெபத்தில் இறைவனிடம் ஒப்படையுங்கள். உறக்கம் வரும், விடிந்தபின் உழைக்கப் பலமும் இருக்கும்.