அயல்நாட்டில் வளரும் சிறுவர்களுக்குக் கிறிஸ்துமஸின் பொருளைச் சொல்லித் தருதல்

கிறிஸ்துமஸ் என்பது இயேசு கிறிஸ்துவின் பிறப்பைக் கொண்டாடும் விழா. பெரும்பாலான நாடுகளில் டிசம்பர் 25 அன்று கொண்டாடப்படுகிறது. ஆர்மீனியத் திருச்சபையில் ஜனவரி 6. இயேசு பிறந்த நாள் எது என்று விவிலியம் சொல்லவில்லை. டிசம்பர் 25-இல் இவ்விழா நடந்ததற்கான பழைய சான்று ரோம் நகரில் கி.பி. 336-ஐ ஒட்டிக் கிடைக்கிறது. இலங்கைத் தமிழர் இதை நத்தார் என்றும் பாலன் பண்டிகை என்றும் சொல்வர். நத்தார் என்பது போர்த்துக்கீசியர் வழியாக வந்த சொல்.

சேலம், நாமக்கல் ஊர்களிலிருந்து வேலைக்காக வெளிநாடு சென்ற குடும்பங்கள் இன்று ஏராளம். அங்கே பிறக்கும் குழந்தை, கிறிஸ்துமஸை முதலில் பார்ப்பது கடைவீதியில்தான். நவம்பரிலேயே விளக்குகள், சிவப்புத் தொப்பி, தள்ளுபடி விலை, பரிசுப் பட்டியல் எல்லாம் வந்துவிடுகின்றன. "இது யாருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டால் பல குழந்தைகளுக்குத் தெரிவதில்லை. இதில் குழந்தையின் தவறு ஒன்றுமில்லை. யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எங்கிருந்து தொடங்குவது?

தீவனத் தொட்டியிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் அனுபவம். லூக்கா எழுதிய நற்செய்தியின்படி, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக யோசேப்பும் நிறைமாதக் கர்ப்பிணியான மரியாவும் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குச் செல்கிறார்கள். சேலத்திலிருந்து கரூர் போகும் தூரத்தைவிட அதிகம். போன இடத்தில் தங்க இடமில்லை. பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி மாட்டுக்குத் தீவனம் போடும் தொட்டியில் கிடத்தினார்கள். பழைய தமிழ் விவிலியத்தில் அதற்கு முன்னணை என்று பெயர்.

இந்த வட்டாரத்துப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். கட்டுத்தரையைத் தினமும் பார்க்கிறது. வெளிநாட்டில் அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? என் மகள் வயிற்றுப் பேரன் ஐந்து வயதில் காணொளி அழைப்பில், "தீவனத் தொட்டின்னா என்ன அப்புச்சி?" என்று கேட்டான். சொல்லிப் பார்த்தேன், விளங்கவில்லை. கைபேசியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கட்டுத்தரைக்குப் போனேன். மாடு சோளத்தட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இதுலயா பாப்பாவைப் படுக்க வெச்சாங்க? குத்தாதா?" என்றான். நான் சொல்ல நினைத்தது அவனுக்குப் புரிந்துவிட்டது.

தொலைவிலிருந்து சொல்லித் தருவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. கொல்லிமலை சேலம் மாவட்டத்தில் இருந்த காலத்தில் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் அங்கே மருத்துவமும் சமயப் பணியும் செய்தனர். 1923-இல் தம் இரு பிள்ளைகளையும் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினர். மகன் பாலுக்கு அப்போது வயது ஒன்பது. மலையில் கண்ட மரம், பூச்சி, பறவை ஆகியவற்றைப் பற்றித் தந்தை கடிதங்களில் எழுதுவார். தம் இறைநம்பிக்கையையும் அவற்றின் வழியாகவே சொல்வார். 1929-இல் அவர் மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். இறப்புச் செய்தி தந்தியில் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் முன்பே எழுதிய கடிதம் கப்பலில் வந்து சேர்ந்தது. அந்த மகன்தான் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட்.

எகிப்துக்குப் போன குடும்பம்

கதையின் அடுத்த பகுதியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அயல்நாட்டுப் பிள்ளைக்கு மிக நெருக்கமான பகுதி அதுவே. மத்தேயு நற்செய்தியில், ஏரோது மன்னன் குழந்தையைக் கொல்லத் தேடுகிறான். பெற்றோர் இரவோடு இரவாக எகிப்துக்குத் தப்பிச் செல்கிறார்கள். மன்னன் இறந்த பிறகே திரும்புகிறார்கள். ஆக, இயேசுவும் சிறுவயதில் சிறிது காலம் அயல்நாட்டுப் பிள்ளை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் போன இலங்கைத் தமிழர் வீடுகளில் இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை; தாத்தா பாட்டியின் கதையும் அதுதான். ஆனால் ஏரோது குழந்தைகளைக் கொன்ற செய்தியை ஏழெட்டு வயதுக்கு முன் சொல்ல வேண்டாம். "அந்த ஊரில் ஆபத்து இருந்தது" என்றால் போதும்.

கிறிஸ்துமஸ் தாத்தா உண்மையா?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பொய் என்று சொல்லிக் குழந்தையை அழவைக்கவும் வேண்டாம், உண்மை என்று சாதிக்கவும் வேண்டாம். இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரில் நான்காம் நூற்றாண்டில் நிக்கோலாஸ் என்ற ஆயர் இருந்தார். ஏழைத் தந்தை ஒருவரின் மூன்று பெண்களுக்குச் சீதனமாக, யாருக்கும் தெரியாமல் பொன்முடிப்பை வீட்டுக்குள் போட்டார் என்பது மரபுக் கதை. டச்சுக்காரர் அவரை சின்டர்கிளாஸ் என்றனர்; அமெரிக்காவில் அது சாண்டா கிளாஸ் ஆயிற்று. பெயர் தெரியாமல் கொடுத்தவர் என்பதைக் குழந்தை பிடித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்கு நாமும் அப்படி ஒன்று வைக்கலாமா என்று கேட்டாலும் கேட்கும்.

பிற சமயக் குடும்பங்களில் இதை வழிபாடாக அல்லாமல், நண்பனின் விழா என்ற அறிவாகச் சொல்லலாம். இசுலாமிய வீட்டில் ஈசா நபியின் பிறப்பு குர்ஆனின் மர்யம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. அங்கே பிறப்பிடம் தொழுவம் அன்று, பேரீச்சமரத்தடி.

குடில் கட்டுதல்

சொல்வதைவிடக் கட்டுவது எளிது. 1223-இல் இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில் அசிசி நகர் பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்தார். பிறப்புக் கதையில் நற்செய்திகள் மாட்டையும் கழுதையையும் குறிப்பிடவில்லை. வந்திருந்த ஞானிகள் மூவர் என்றும் சொல்லவில்லை, பரிசுகள்தாம் மூன்று. சேலம் அரிசிப்பாளையத்துப் பேராலயத்தின் பெயரே குழந்தை இயேசு பேராலயம்.

வெளிநாட்டு வீட்டில் காலணிப் பெட்டி ஒன்று போதும். ஒரு தட்டில் ஈரத்துணி விரித்துக் கேழ்வரகோ கடுகோ தூவினால், பத்து நாளில் முளைப்பாரிபோல் பச்சை வந்துவிடும். தண்ணீர் தெளிக்கும் வேலையைக் குழந்தையிடமே விடுங்கள். 24-ஆம் தேதி இரவுவரை தொட்டி காலியாக இருக்கட்டும். பாலன் பொம்மையை அப்போதுதான் வைக்க வேண்டும். ஞானிகளை வீட்டின் மறுகோடியில் நிறுத்தி, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரி 6 அன்று குடிலுக்குக் கொண்டுவரலாம். என் பேரன் வீட்டில் சென்ற ஆண்டு அவர்கள் பிரிட்ஜ் மேலிருந்து புறப்பட்டார்கள். ஒருவரைத் தங்கை ஒளித்துவைத்துவிட்டதால் இருவர்தாம் வந்து சேர்ந்தார்கள்.